கோடை விடுமுறையில் பிள்ளை யாரிடம்?

பள்ளிக்கூடம் மூடியாயிற்று. பையனுக்கு வயது எட்டு. அம்மா சென்னையில், அப்பா மதுரையில். இருவரும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. பையன் அம்மாவிடம் வளர்கிறான்.

"கோடை விடுமுறையில் பாதி நாள் தகப்பனாரிடம் இருக்கலாம்" என்று கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது.

பாதி என்றால் எந்தப் பாதி?

அங்கேதான் சண்டை!

"சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதை என் பேரன் பார்க்க வேண்டாமா? முன்பாதி எங்களுக்கு" என்கிறார் அப்பாவைப் பெற்ற பாட்டி.

"மே மாதம் முதல் வாரம் என் தம்பிக்குக் கல்யாணம். தாய்மாமன் கல்யாணத்தில் இவன் இல்லாமலா? முன்பாதி எங்களுக்குத்தான்" என்கிறார் அம்மா.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது!

இது ஓர் உதாரணக் குடும்பம். ஆனால் குடும்பநல கோர்ட்டுக்கு இந்தச் சண்டை புதிதல்ல.

நாள் கணக்கு

"முன்பாதி எப்போதும் அப்பாவுக்கு" என்று எழுதிவிட்டால் தீருமா? தீராது. அழகர் 2024-ம் ஆண்டில் ஏப்ரல் 23-ந் தேதி ஆற்றில் இறங்கினார். 2025-ல் மே 12-ந் தேதி. பௌர்ணமி நம் வசதிக்கா வருகிறது?

விடுமுறை எப்போது முடியும் என்பதும் நிச்சயமில்லை. 2023-ல் வெயில் கொடுமையால் தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு இரண்டு முறை தள்ளிப்போயிற்று. பெரிய வகுப்புகள் ஜூன் 12-ந் தேதியும், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகள் 14-ந் தேதியும் திறந்தன. அண்ணனுக்கு ஒரு தேதி, தங்கைக்கு ஒரு தேதி! 2024-லும் ஜூன் 6 என்றது 10 ஆயிற்று. கூடுதலாகக் கிடைத்த அந்த நாட்கள் யாருக்கு? உத்தரவில் "பாதி" என்று மட்டும் இருந்தால் அதற்கும் ஒரு மனு!

சட்டம் சொல்வது

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். எந்த வயதானாலும் குழந்தையின் நலன்தான் முக்கியம். எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ம் ஆண்டுச் சட்டம், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கவனிக்கலாம் என்கிறது.

பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று 1973-லேயே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்திருக்கிறது. பிள்ளை ஒருவரிடம் இருந்தால், மற்றவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது போனில் பேச இடம் வேண்டும் என்று 2020-ல் அதே கோர்ட்டு சொன்னது. இப்போது வீடியோவில் முகத்தையும் பார்க்கலாமே!

மே மாதம் வந்துவிட்டால்?

சென்னை ஐகோர்ட்டுக்கும் மே மாதம் கோடை விடுமுறைதான். அவசர மனுக்களை மட்டும் விடுமுறைக்கால நீதிபதிகள் விசாரிப்பார்கள். ஏப்ரல் கடைசியில் வக்கீல் வீட்டுக்கு ஓடுகிறவர்கள் பலர். மனு விசாரணைக்கு வருவதற்குள் மாம்பழக் காலமே முடிந்துவிடும். முழுப் பரீட்சைக்கு முன்பே, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பேசி முடிப்பது நல்லது.

உத்தரவில் தேதி வேண்டும். நேரம் வேண்டும். எந்த ரெயிலடியில் பிள்ளையை ஒப்படைப்பது, டிக்கெட் செலவு யாருடையது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, பள்ளி திறப்பு தள்ளிப்போனால் அந்த நாட்கள் யாருக்கு என்பதெல்லாம் வேண்டும். "எங்களுக்குள் பேசிக்கொள்வோம்" என்று விடுவதில்தான் வினை. பேசிக்கொள்ள முடிந்தவர்கள் ஏன் கோர்ட்டுக்கு வருகிறார்கள்?

முதலில் சமரசத்துக்கு முயல்வது குடும்பநல கோர்ட்டின் கடமை என்று 1984-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதற்கு உதவ ஆலோசகர்கள் உண்டு. அவர்கள் முன் உட்கார்ந்தால், நம் பையனின் பெற்றோருக்கும் வழி பிறக்கும். பாதியை இரண்டாக உடைக்க வேண்டியதுதான். திருவிழாவுக்கு ஐந்து நாள் மதுரை. கல்யாணத்துக்குச் சென்னை. மீதி நாட்களுக்கு மறுபடி மதுரை. போக டிக்கெட் அப்பா செலவு. வர டிக்கெட் அம்மா செலவு.

பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் பையனையும் ஒரு வார்த்தை கேட்கலாம். அவனுக்கு அழகரும் கல்யாணமும் இரண்டாம் பட்சமாக இருக்கலாம். "என் சைக்கிளை ரெயிலில் ஏற்ற விடுவார்களா?" என்பதுதான் அவன் கவலையோ என்னவோ!