ஃப்ளூ ஊசி: ஏன் வருஷா வருஷம்?
தட்டம்மைக்குச் சிறுவயதில் போட்ட ஊசி காலத்துக்கும் காக்கிறது. ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் ஆண்டுதோறும்? ஃப்ளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நிறையப் பிழை விடுகிறது. அதனால் அதன் மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளூட்டினின் புரதம் மெல்ல உருமாறி, பழைய எதிர்ப்பொருளுக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. எதிர்ப்பொருளும் மாதங்கள் போகப்போகக் குறைகிறது. எனவே உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஊசிக்கான வைரஸ் வகைகளைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது.

இந்தத் தேர்வு பரவும் வைரஸோடு பொருந்தும் ஆண்டில்கூட, ஊசி நோய் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். அவ்வளவுதானா என்று ஒதுக்காதீர்கள். கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி, ஆஸ்துமாக்காரர் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியாவாக முற்றலாம். அவர்கள் தயங்கவே கூடாது. வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.