குரலிலிருந்து விழுங்கலுக்கு: ஜெரி லோகெமனின் ஆய்வுப்பணி

திறவுச்சொற்கள்: பேச்சு நோயியல், குரல்வளை, விழுங்கற் கோளாறு, புரையேற்றம், பேரியப் படப்பதிவு

முன்னுரை

பேச்சு நோயியல் என்றவுடன் திக்குவாய், ஒலிப்புப் பிழை, குழந்தைகளின் மொழித்தாமதம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். உணவும் நீரும் தொண்டையைக் கடக்கும் முறையை ஆராய்வதும் அத்துறையின் பொறுப்பே என்பது துறைக்கு வெளியே அவ்வளவாக அறியப்படவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் பணியாற்றும் பேச்சு நோயியலாரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இன்று விழுங்கற் கோளாறுகளைச் சார்ந்ததாக உள்ளது. இம்மாற்றத்தில் பலருக்கும் பங்குண்டு. எனினும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரி லோகெமனை (1942–2014) விடுத்து இதன் வரலாற்றை எழுத இயலாது. குரலை ஆராய்ந்த ஒருவர் விழுங்கல் ஆய்வுக்கு வந்த வழியையும், தாம் கற்பித்த சிகிச்சைமுறையைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய பாங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குரல்வளையின் முதற்பணி

மூச்சும் உணவும் தொண்டையில் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மேலும் முன்னும் நகர்கிறது. குரல்வளை மூடி மடங்குகிறது. குரல்நாண்கள் நெருங்கி மூச்சுப்பாதையை அடைக்கின்றன. உணவுக்குழாயின் வாயில் திறக்கிறது. தொண்டையைக் கடக்கும் இந்நிகழ்வு முழுவதும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. உயிரியல் நோக்கில் குரல்வளை முதலில் ஒரு காவற்கதவு; குரலெழுப்புதல் அக்கதவுக்குப் பின்னர் வாய்த்த பணி. எனவே, குரல்வளையை அறிந்தோர் விழுங்கலை ஆராயப் புகுந்தது எல்லை மீறலன்று. உறுப்பின் இயல்பே அவர்களை அங்கு இட்டுச்சென்றது எனலாம்.

லோகெமனின் தொடக்ககால ஆய்வுகளிலேயே இவ்வழி புலப்படுகிறது. 1978ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளர்களும் பார்க்கின்சன் நோயாளிகள் 200 பேரின் பேச்சை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 89 விழுக்காட்டினரிடம் குரற்கோளாறும், 45 விழுக்காட்டினரிடம் ஒலிப்புக் கோளாறும் காணப்பட்டன. நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் தசையியக்கம் பேச்சில் தளரும்போது உண்ணுதலில் மட்டும் அது செம்மையாக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டோரிடம் அவர் மேற்கொண்ட ஆய்வுகளும் இவ்விரு செயல்களையும் ஒருங்கே நோக்கின.

படப்பதிவின் நோக்கம்

விழுங்கலை வெளியிலிருந்து காண இயலாது. எக்ஸ்-கதிரில் தெரியும் பேரியக் கரைசலை அருந்தச் செய்து படமெடுக்கும் முறை முன்பே வழக்கில் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் உணவுக்குழாயையும் இரைப்பையையும் நோக்கியது. நோயாளி மிகுதியான கரைசலைப் பருக வேண்டியிருந்தது. மூச்சுப்பாதைக் காவல் தளர்ந்தவருக்கு அதுவே ஆபத்து. லோகெமன் பரவலாக்கிய மாற்றுமுறையில் நோயாளி நிமிர்ந்து அமர்கிறார். ஒரு மில்லிலிட்டர் போன்ற மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கி, நீர்மம், குழைவு, பேரியம் தடவிய பிஸ்கட் துண்டு எனப் பலவகை உணவுகள் தரப்படுகின்றன. பதிவைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்க்கலாம்.

அளவு குறைந்தது மட்டும் இதன் சிறப்பன்று. உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றதா என்ற வினாவோடு நில்லாமல், ஏன் சென்றது, எதைச் செய்தால் செல்லாது என்ற வினாக்களையும் அவர் அதே அறையில் எழுப்பினார். ஒருபக்கத் தொண்டை வலுவிழந்தவர் அப்பக்கமாகத் தலையைத் திருப்பினால் உணவு வலுவான பக்கமாக இறங்கும். மோவாயைத் தாழ்த்தினால் மூச்சுப்பாதையின் வாயில் குறுகும். இவற்றின் பயனைப் படத்திலேயே உடனடியாகக் காணலாம். 1983இல் வெளிவந்த அவருடைய விழுங்கற் கோளாறு பற்றிய நூல் இம்முறையைப் பாடத்திட்டங்களுக்குள் கொண்டுசென்றது.

இங்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. உணவு மூச்சுப்பாதையில் நுழைவதைக் குறிக்கப் ‘புரையேறுதல்’ என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு. ஆனால் வழக்கில் அச்சொல் இருமலையும் உடன் உணர்த்துகிறது. இருமாதவருக்குப் புரையேறியதாக எவரும் சொல்வதில்லை. நோயாளிகளுள் ஒரு சாராருக்கோ உணர்வு மங்கியிருப்பதால் உணவு குரல்நாண்களுக்குக் கீழே இறங்கியும் இருமல் எழுவதில்லை. படப்பதிவு இன்றியமையாததாவது இவர்களுக்காகவே. ‘இருமலிலாப் புரையேற்றம்’ என்பது சற்று முரணாக ஒலிப்பினும், ‘உள்ளிழுப்பு’ போன்ற பொதுச்சொல்லைவிட அதுவே பொருளைத் தெளிவாக உணர்த்தும்.

தம் முறையையே சோதித்தல்

மோவாயைத் தாழ்த்துதலும் நீர்மத்தைத் தடிமனாக்கிக் கொடுத்தலும் பல்லாண்டுகளாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தன. இவற்றுள் எது சிறந்தது என்பதை ஒப்பிட, மறதிநோய் அல்லது பார்க்கின்சன் நோய் உடையோரும், நீர்த்த நீர்மத்தால் புரையேறுவோருமான 711 பேரிடம் லோகெமன் தலைமையில் ஆய்வு நடைபெற்றது. 2008இல் வெளியான முடிவுகளின்படி, படப்பதிவின்போது புரையேற்றத்தை மிகுதியாகத் தடுத்தது தேன் பதத்தில் தடித்த நீர்மம். மிகக் குறைவாகத் தடுத்தது அவரே கற்பித்துவந்த மோவாய்த் தாழ்வு. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எந்த முறையும் பயன்தரவில்லை. நோயாளிகள் மிகுதியும் விரும்பியதோ மோவாய்த் தாழ்வையே.

இவர்களுள் 515 பேரை மூன்று மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஜோஆன் ராபின்ஸ் முதன்மை ஆசிரியராகவும் லோகெமன் உடனாசிரியராகவும் இருக்க, அதே ஆண்டில் வெளிவந்தது. அது முதல் ஆய்வின் முடிவைச் சிக்கலாக்கியது. நுரையீரல் அழற்சி இரு பிரிவினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. மொத்தத்தில் அது 11 விழுக்காடே. தடித்த நீர்மம் பெற்றோரிடம் உடலில் நீரிழப்பு கூடுதலாக இருந்தது. படத்தில் வென்ற முறை படுக்கையருகில் வெல்லவில்லை. ஒருவருடைய தேநீரையும் தண்ணீரையும் கூழ்போலாக்கி நாள்தோறும் கொடுக்கச் சொல்வதற்குப் படத்தில் தெரியும் நிழல் மட்டும் போதிய சான்றாகுமா என்ற வினா இவ்விரண்டு கட்டுரைகளின் இடையிலிருந்து எழுகிறது. விழுங்கல் ஆய்வாளர்களிடையே இவ்விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.