ஆபீசுக்கும் போக வேண்டும், அரிசியும் ஏற வேண்டும்: எந்த சைக்கிள் வாங்கலாம்?

மும்பையில் ஸ்டேஷனை ஒட்டி வீடு கிடைப்பவர் சிலரே. மற்றவர்கள் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் நடக்கிறார்கள். அல்லது ஆட்டோ பிடிக்கிறார்கள். 2025 பிப்ரவரி 1 முதல் இங்கே ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய். ஷேர் ஆட்டோ ஓடாத பகுதியில் போக ஒன்று, வர ஒன்று என்றால் நாளைக்கு 52 ரூபாய். மாதம் 25 வேலை நாளுக்கு 1,300 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் சைக்கிள் கடைக்குப் போகிறார்கள். வாங்கப்போவது ஒரே சைக்கிள். அதில் ஸ்டேஷனுக்கும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 25 கிலோ அரிசி மூட்டையும் வர வேண்டும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது தடித்த டயரும் கியரும் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் வைத்த வண்டி. பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். விலை மலிவான வண்டியில் இருக்கும் ஸ்பிரிங் நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பின்பக்கம் ஸ்பிரிங் உள்ள வண்டியில் மூட்டை ஏற்றும் கேரியரை உறுதியாகப் பொருத்த இடமில்லை. மட்கார்டும் பெயருக்குத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் முதுகெல்லாம் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார முடியுமா?

ஸ்டாண்டைப் பாருங்கள்

என் கணிப்பில் இந்த வேலைக்கு ஏற்றது, நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அதே பழைய கறுப்பு ரோட்ஸ்டர்தான். சுமார் 20 கிலோ கனம். மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். ஆனால் அதன் பின் சக்கரத்தில் 40 கம்பிகள், முன் சக்கரத்தில் 32. சுமையில் பெரும்பங்கு பின்னால் விழும் என்று தெரிந்து செய்த அமைப்பு அது. கேரியரின் கால்கள் பின் சக்கர அச்சிலேயே முறுக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஸ்டாண்டு. ரோட்ஸ்டரின் இரட்டைக் கால் ஸ்டாண்டு பின் சக்கரத்தைத் தூக்கி வண்டியை நேராக நிறுத்திவிடும். தனி ஆளாக மூட்டையை ஏற்றிக் கட்டலாம். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் மூட்டையை வைத்துப் பாருங்கள். கயிற்றை எடுப்பதற்குள் வண்டி சாய்ந்து அரிசி தெருவில் கிடக்கும். மூட்டையை சீட்டை ஒட்டி முன்தள்ளி வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் ஹாண்டில் லேசாகி ஆடும். காய்கறிப் பையை ஹாண்டிலின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடுவதும் ஆபத்துதான்.

மழையில் பிரேக்

ரோட்ஸ்டரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நிற்கும். பின்னால் 25 கிலோ இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். இந்த ஒரு விஷயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த புது வண்டிகளும் அலுமினிய ரிம் வண்டிகளும் மேல்தான். ரோட்ஸ்டர் வாங்குகிறவர்கள் மழைக்கு முன் பிரேக் கட்டைகளை மாற்றிவிடுங்கள். ஈரமான சாலையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். சுமையோடு மேம்பாலத்தில் இறங்கும்போது உருட்டிக்கொண்டு போவதில் வெட்கம் என்ன?

உயரம் பார்க்க ஒரு வழி: பார் கம்பிக்கு இரு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். கம்பி உடலில் இடிக்காமல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அது உங்கள் வண்டி.

வீட்டுக்காரியும் ஓட்டுவதென்றால் பார் கம்பி இல்லாத 26 அங்குலச் சக்கர வண்டி நல்லது. புடவையோடு ஏறலாம், கேரியரும் ஸ்டாண்டும் அதே உறுதியில் கேட்டு வாங்கலாம். ஆனால் இதிலும் கட்டாயம் ஒன்றுமில்லை. 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949ல். லூதியானாவில் ஹீரோ 1956ல். இரண்டு தரப்பு ரோட்ஸ்டருக்கும் டியூப், செயின், காட்டர் பின் எல்லாம் தெருமுனைப் பஞ்சர் கடையிலேயே கிடைக்கும். ஒரு காலத்தில் நம் வீடுகளில் அதிகம் இருந்த அட்லஸ், 2020 ஜூன் 3 அன்று சாகிபாபாத் தொழிற்சாலையை நிறுத்தியது. அட்லஸ் பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். உதிரிகள் பெரும்பாலும் பொதுவானவையே. பிரேம் இணைப்புகளில் விரிசலோ புதுப் பற்றவைப்போ இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள்.

புது வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்த வரியைச் சரிபாருங்கள். ஒரு மாதம் ஓடியதும் கம்பிகள் தளரும். கடையில் கோட்டம் எடுக்கச் சொல்லி, நட்டுகளையும் முறுக்கச் சொல்லுங்கள். பிரேமில் அடித்திருக்கும் நம்பரை, சீட்டுக்குக் கீழோ பெடல் அச்சின் அடியிலோ தேடி, பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டி காணாமல் போனால் போலீசில் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.