எலிக்கு அஞ்சி நஞ்சை வைப்பதா?

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் பற்றிப் பழமொழி கூறி நகைக்கின்றோம். ஆயினும் அவன் செய்ததையே நாமும் வேறு வகையில் செய்கின்றோம். வீட்டைக் கொளுத்துவதில்லை, குழந்தைகள் உறங்கும் வீட்டிற்குள் நஞ்சைக் கொணர்ந்து வைக்கின்றோம்.

வடசென்னையில் திருவொற்றியூரைச் சார்ந்தது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பார் நெசவாளரைக் குடியமர்த்திய ஊர் இது. காலட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. 2021 முதல் மெட்ரோ இரயிலும் இங்கு நின்று செல்கின்றது. ஊர் எவ்வளவு மாறினும், இத்தகைய பழம்பேட்டைகளின் ஓட்டு வீடுகளும், மர உத்தரங்களும், பரண்களும், ஒட்டுச் சுவர்களும் எலிகளுக்கு இன்றும் கோட்டை கொத்தளங்களே!

பகைவனை அறிவோம்

நம் வீடுகளில் திரிவன மூன்று வகை. அலமாரிக்குள் ஒளியும் சுண்டெலி, உத்தரத்தின் மேல் ஓடும் வீட்டெலி, சாக்கடை ஓரத்தில் வளை தோண்டும் பெருச்சாளி. பென்சில் நுழையும் துளை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். மூன்று வாரத்தில் ஒரு ஈற்று. ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். அக்குட்டிகளும் ஏறத்தாழ ஆறு வாரத்தில் இனம் பெருக்கத் தொடங்கும். முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் கொறிப்பது அவற்றின் இயல்பு. அரிசி மூட்டையும் துணியும் மட்டுமல்ல, மின்கம்பியும் தப்புவதில்லை.

நோய் இன்னும் கொடிது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு புண் வழியே உடலுள் புகுந்தால் எலிக்காய்ச்சல் பற்றும். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நீரில் நடந்தபின் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், கைவைத்தியம் பார்த்துக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் எளிதில் குணமாகும்.

நஞ்சு வேண்டாம்

2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிகளை ஒழிக்க வைத்த மருந்தின் நச்சுக்காற்று குளிரூட்டிய அறையில் பரவியது. அங்கு உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எலிக்கு வைத்தது யாரைக் கொன்றது பாருங்கள்!

எலிப் பசையில் கலக்கப்பெறும் மஞ்சள் பாஸ்பரஸ் மற்றொரு கொடுமை. உட்கொண்டவர் ஓரிரு நாள் தேறியவர்போல் தோன்றுவார்; அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகவே அறியாமலோ அறிந்தோ ஒருவர் அதனை வாயில் வைத்தார் என ஐயம் எழுந்தாலே, அவர் நலமாகத் தோன்றினும், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பங்குப் பணியில் துக்க வீடுகளின் வாயிலில் நிற்கும் நாம் ஒன்றை அறிவோம். மனம் உடைந்த வேளை பெரும்பாலும் கடந்து போகக்கூடியது. அவ்வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே பலரைக் காக்கும். உங்கள் வீட்டில் அத்தகைய வேதனையில் எவரேனும் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 104 என்னும் எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும்.

செய்ய வேண்டுவன

லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ் (1579-1639) பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. மடத்துத் துணிகளைக் கடித்த எலிகளுக்கு நஞ்சு வைக்கத் துறவிகள் முனைந்தபோது, அவர் எலிகளைத் தோட்டத்திற்கு அனுப்பி, அங்கேயே உணவிட்டாராம். கதைக்குள் ஓர் உண்மை பொதிந்துள்ளது: உணவு எங்கேயோ, எலியும் அங்கே.

எனவே முதற்கண் உணவை மூடுவோம். கோணிப்பையிலுள்ள அரிசியை மூடியிட்ட தகர டின்னில் கொட்டுங்கள். எச்சில் பாத்திரங்களை இரவில் போட்டு வைக்காதீர்கள்.

அடுத்து வழியை அடைப்போம். சுவரோரம் கறுத்த எண்ணெய்ப்பசை படிந்த தடமே எலியின் பாதை. அது முடியும் பொந்தில், உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டுடன் குழைத்துப் பூசுங்கள். சாக்கடைத் தூம்பிற்குக் கம்பிவலையும், கதவின் அடியிடுக்கிற்குத் தகரப் பட்டையும் பொருத்துங்கள். கூரையைத் தொடும் முருங்கைக் கிளையை வெட்டிவிடுங்கள்.

உள்ளே எஞ்சியவற்றிற்குப் பொறி வையுங்கள். எலி நடு அறையில் ஓடாது. எனவே பொறி சுவரை ஒட்டியே இருக்கட்டும். வீட்டெலி புதுப்பொருளைக் கண்டு ஐயுறும். ஆகவே இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ வைத்துப் பழக்கிய பின்னரே பூட்டுங்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, ஊறியபின் கையுறையுடன் துடையுங்கள்.

இறுதியாக ஒன்று. ஒட்டுச்சுவர் வீடுகளில் ஒருவர் மட்டும் பொந்தடைத்தால், எலி அடுத்த வீட்டிற்குக் குடிபோகும். சில நாளில் திரும்பியும் வரும். தெருவிலுள்ளோர் ஒன்றுகூடிக் குப்பையை அகற்றி, ஒரே வாரத்தில் எல்லா வீடுகளின் பொந்துகளையும் அடைப்பதே நிலையான தீர்வு. அயலாருடன் பேசாதிருப்போர் எலியின் பொருட்டாவது பேசத் தொடங்கட்டும்!