குழந்தைக் கண் மருத்துவரை உருவாக்கும் செலவு யாருடையது?

கண் நலத்துக்கென்று நம்மவர்கள் திரட்டும் நன்கொடை பெரும்பாலும் இலவசக் கண்ணாடியாகவோ, பரிசோதனை முகாமாகவோ, மருத்துவமனைக்கு வாங்கித் தரும் கருவியாகவோ போய்ச் சேருகிறது. மூன்றும் நல்ல காரியங்கள். ஆனாலும் கைக்குழந்தையின் விழித்திரையைப் பார்த்துப் பழகிய மருத்துவர் இல்லாத இடத்தில் கருவியால் பயன் குறைவு. அந்த மருத்துவரைப் பயிற்றுவிக்கும் செலவில் பங்கேற்பதே இன்று அவசரமான கொடை என்பது என் கருத்து. ஏற்கெனவே டாக்டராகிவிட்டவருக்கு எதற்கு உதவித்தொகை என்று சிலர் கேட்பார்கள். அதற்கான பதில், பிள்ளைகளின் பார்வை வளரும் விதத்திலேயே இருக்கிறது.

பிறக்கும்போதே பார்வை முழுமையாக அமைந்துவிடுவதில்லை. கண் அனுப்பும் காட்சியைப் புரிந்துகொள்ள மூளை முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான் பழகுகிறது. அந்த வயதில் ஒரு கண் மங்கியோ மாறுகண்ணாகவோ இருந்தால் மூளை அதை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்று நாம் சொல்வது இதைத்தான். வளர்ந்தபின் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும் அது முழுதாகத் தேறுவது அரிது. முதியவரின் கண்புரை அறுவை ஓராண்டு தள்ளிப்போனாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஒரு கண்ணில் அடர்ந்த புரையோடு பிறந்த சிசுவுக்கோ ஆறு முதல் எட்டு வாரம்தான் அவகாசம். 1,500 கிராமுக்குக் குறைவான எடையோடு, அல்லது 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். அவர்களுக்கு வரக்கூடிய விழித்திரை நோய் முற்றியது தெரிந்தால் லேசர் சிகிச்சையை இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தாக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. அங்கே தாமதத்துக்கு விலை உயிராகவும் இருக்கலாம். பிரசவங்கள் மிகுந்த கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும், கோலாலம்பூர் பொது மருத்துவமனையானாலும், இந்தக் கெடுவுக்குள் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதே குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தேவை கண்ணாடிதானே என்று ஒரு மறுப்பு உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு. 2003இல் சிலாங்கூர் கோம்பாக் மாவட்டத்தில் 7 முதல் 15 வயதுள்ள பிள்ளைகள் 4,600க்கும் மேற்பட்டோரின் கண்களை ஆராய்ந்தார்கள். கண்ணாடி இல்லாத நிலையில் 17.1 விழுக்காட்டினருக்குப் பார்வை குறைந்திருந்தது. பார்வை குறைந்த கண்களில் 87 விழுக்காட்டுக்குக் காரணம் ஒளிவிலகல் குறைபாடு, அதாவது கண்ணாடியால் சரியாகக்கூடியது. இந்த எண்ணை நான் முழுதாக ஏற்கிறேன். கண்ணாடித் திட்டங்கள் தொடரவே வேண்டும். ஆனால் அதே ஆய்வில், தகுந்த கண்ணாடி கொடுத்த பின்னும் 1.4 விழுக்காட்டினருக்குப் பார்வை தேறவில்லை. சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஆயிரம் பிள்ளைகளுக்குப் பதினான்கு பேர். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட, கண் பிரச்சினை உள்ள பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அவர்களைக் கண்ணாடிக் கடையால் காப்பாற்ற முடியாது.

சரி, தேவை இருந்தால் மருத்துவர்கள் தாமாக வரமாட்டார்களா? அமெரிக்காவே இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே 2022ஆம் ஆண்டு நிலவரப்படி பத்தில் ஒன்பது கவுண்டிகளில் குழந்தைக் கண் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. இத்துறையின் சிறப்புப் பயிற்சி இடங்கள் பல நிரம்பாமலே கிடக்கின்றன. அழும் குழந்தையைப் பரிசோதிக்க நேரம் பிடிக்கும். பாவையை விரிக்க மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்கவே முடியும். தனியார் துறையில் பெரியவர்களின் புரை அறுவையும் லேசர் சிகிச்சையும் தரும் வருமானத்தை இது தருவதில்லை. பல ஆண்டுப் படிப்புக்குப் பிறகு குடும்பப் பொறுப்போடு நிற்கும் இளம் மருத்துவர் வேறு பிரிவை நாடினால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

மலேசியா இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்த நாடு. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கண் மருத்துவ முதுகலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். எச்எல்பி என்று மருத்துவர்கள் சொல்லும் கூட்டரசுப் பயிற்சி உபகாரச் சம்பளம் கிடைத்தவருக்கு முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பும், கட்டணமும், படிகளும் உண்டு. ஆனால் 2016 இறுதியிலிருந்து ஒப்பந்த முறையில் சேர்ந்த மருத்துவர்களுக்கு அந்தக் கதவு நெடுநாள் மூடியே இருந்தது. 2021 ஜூலை 26இல் அவர்கள் ஹர்த்தால் நடத்திய நாட்களில்தான் அரசு வழிவிட முன்வந்தது. முதுகலை முடித்தாலும் அவர் பொதுக் கண் மருத்துவரே. குழந்தைகள் கண், மாறுகண் என்ற உட்பிரிவுக்கு மேலும் சில ஆண்டுப் பயிற்சி வேண்டும்; பலர் தயங்கி நிற்பது அந்தப் படியில்தான்.

இது அரசின் கடமை, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. கடமை அரசுடையதே, சம்பளத்தையும் பதவியையும் அரசுதான் தர முடியும். ஆனால் சில மாத வெளிநாட்டுப் பயிற்சி, மாநாட்டுச் செலவு, சிறு ஆய்வுக்கான நிதி ஆகியவற்றை ஓர் அறவாரியம் தாராளமாக ஏற்கலாம். அமெரிக்காவில் 1956இல் தொடங்கிய நைட்ஸ் டெம்ப்ளர் கண் அறக்கட்டளை, குழந்தைக் கண் ஆய்வில் இறங்கும் இளம் மருத்துவர்களுக்கு இப்படித்தான் நிதி வழங்குகிறது. நமக்கோ மதுரை பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையில் குழந்தைக் கண் பிரிவுக்கெனவே சிறப்புப் பயிற்சி உண்டு. இங்கே எப்போதாவது வரும் நோயை அங்கே வரும் கூட்டத்தில் பலமுறை பார்க்கலாம். கை பழகுவது எண்ணிக்கையில்தான். உதவி பெற்றவர் தனியாருக்குப் போய்விட்டால் என்ற அச்சத்துக்கு, எச்எல்பியில் உள்ளது போலச் சேவை ஒப்பந்தமே போதும்.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் பார்வை இழந்தோருக்குத் தொழிலும் துணையும் தந்து வருகிறது. அதற்கு நம் மக்கள் கொடுத்தும் வந்திருக்கிறார்கள். அந்தக் கை நின்றுவிடக் கூடாது. அதோடு, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உபகாரச் சம்பளம் வழங்கும் கோயில்களும் அறவாரியங்களும் இளங்கலையோடு நிறுத்தாமல், குழந்தைக் கண் மருத்துவப் பயிற்சிக்கென்று ஆண்டுக்கு ஒரேயொரு இடத்தையாவது ஒதுக்க வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.