போகும் ஆண்டு தெரிகிறது, திரும்பும் ஆண்டு?

செவ்வாய்க் கோளுக்குக் கலம் அனுப்ப அடுத்த வாய்ப்பு 2026 இறுதியில் வருகிறது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்திலிருந்து வந்த ஒரு கடிதம் நேராகவே கேட்கிறது: சுனிதா வில்லியம்ஸ் ஒன்பது மாதம் விண்வெளியில் இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார், செவ்வாய்க்குப் போகவும் அதே ஒன்பது மாதம்தான் என்றால் தடை எங்கே இருக்கிறது?

சுனிதாவும் சக விண்வெளி வீரர் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகக் கிளம்பினார்கள். 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச்சில் இறங்கினார்கள். இடையில் சரக்குக் கலங்கள் உணவும் உதிரி பாகங்களும் கொண்டுவந்தன. செப்டம்பரில் போன டிராகன் கலத்தில் அவர்களுக்காகவே இரண்டு இருக்கைகளைக் காலியாக விட்டு அனுப்பினார்கள். பூமி 400 கிலோமீட்டர் கீழேதான் இருந்தது. செவ்வாய்ப் பயணிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், இரண்டு கோள்களும் நிற்காமல் ஓடுவது. சூரியனைச் சுற்ற பூமிக்கு 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். குறைந்த எரிபொருளில் போக வேண்டுமானால், கிளம்பும் நாளில் செவ்வாய் பூமிக்குச் சுமார் 44 பாகை முன்னால் இருக்க வேண்டும். அந்த அமைப்பு ஏறத்தாழ 780 நாளுக்கு ஒருமுறைதான் வரும். விண்வெளி நிறுவனங்கள் 'ஏவுகால வாய்ப்பு' என்று அறிவிப்பது இதைத்தான். ஆனால் அது போவதற்கு மட்டுமான கணக்கு.

திரும்புவதற்கு வேறு கணக்கு இருக்கிறது. கலம் சுமார் 259 நாளில் செவ்வாயை எட்டும்போது, வேகமாக ஓடும் பூமி செவ்வாயைத் தாண்டி 75 பாகை முன்னே போயிருக்கும். சிக்கன வழியில் திரும்ப வேண்டுமானால், கிளம்பும்போது பூமி அதே 75 பாகை பின்னால் இருக்க வேண்டும். அதுவரை சுமார் 450 நாள் அங்கேயே காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் இரண்டு ஆண்டு எட்டு மாதம். வந்து சேர்ந்த மறுநாளே ஒருவருக்குக் குடல்வால் வெடித்தாலும் கணக்கு மாறாது.

எரிபொருளைக் கூட்டினால் சீக்கிரம் திரும்பலாமே என்று தோன்றும். மங்கள்யானைப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதன் மொத்த எடை 1,337 கிலோ. அதில் சுமார் 850 கிலோ எரிபொருள். ஆள் இல்லை, தரையிறக்கம் இல்லை, திரும்பும் பயணமும் இல்லை. அப்படியும் எடையில் பாதிக்கு மேல் எரிபொருளே பிடித்துக்கொண்டது. கூடுதலாக எடுத்துப்போகும் ஒவ்வொரு கிலோவைத் தள்ளவும் இன்னும் எரிபொருள் வேண்டும்.

அங்கே காத்திருப்பதில் உள்ள சிக்கலைச் சிங்கவரத்துக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டையை வைத்தே சொல்லலாம். முகலாயப் படை 1690-ல் தொடங்கிய முற்றுகை, 1698-ல் கோட்டை விழும்வரை நீண்டது. களஞ்சியமும் குளங்களும் உள்ளே இருந்தன என்பது பாதிக் காரணம்தான். 1692-ல் சந்தாஜி, தனாஜி தலைமையில் மராட்டியப் படை வெளியிலிருந்து வந்து முற்றுகையைக் குலைத்ததும் முக்கியம். செவ்வாயில் இருப்பவர்களுக்கு அப்படி நினைத்த நேரத்தில் உதவிப் படை வராது. சரக்குக் கலமும் அதே 780 நாள் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான்.

அதனால்தான் அறிவிப்புகளைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. 2024-ல் செவ்வாய்க்கு மனிதர் என்று ஈலான் மஸ்க் 2017-ல் சொன்னார். 2024 வந்தபோது, இரண்டு ஆண்டில் ஆளில்லாக் கலம், அது வெற்றி பெற்றால் நான்கு ஆண்டில் மனிதர் என்றார். கிளம்பும் ஆண்டைத்தான் உரக்கச் சொல்கிறார்கள். 450 நாளுக்கு எவ்வளவு உணவு, எத்தனை உதிரி பாகம், திரும்பி வர எரிபொருள் எங்கே தயாராகும் என்பதைச் சொல்லாத தேதியைத் திட்டம் என்று ஏற்பதற்கில்லை. உயிரைப் பணயம் வைக்கப்போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கதிர்வீச்சு? கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்ததன்படி போகவர மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட், நாசா ஒருவரின் பணிக்காலம் முழுவதற்கும் வைத்த வரம்போ 600.

எலும்பு? எடையற்ற நிலையில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதம் அளவில் குறைகிறது, தினசரி உடற்பயிற்சி அதைப் பெருமளவு தடுக்கிறது.

வீட்டாரோடு பேசலாமா? ஒரு சொல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும், கடிதம்போல் அனுப்பிக்கொள்ளலாம்.

வியாழன், சனி? ஆளில்லாத காசினி சனியை எட்டவே ஏழு ஆண்டு ஆனது.

இந்தியர் எப்போது? மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2018-ல் அறிவித்தபோது 2022 என்று கெடு வைத்தார்கள், அது தள்ளிப்போயிற்று. நிலவில் இந்தியர் இறங்க 2040 என்கிறது அரசு.