தேக வலிமையும் தன்னம்பிக்கையும்

நெசவாளர் நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து உழைக்கிறார். விவசாயி வயலில் குனிந்தும் நிமிர்ந்தும் உழைக்கிறார். அவ்வாறிருக்க, நமக்குத் தனியே தேகப்பயிற்சி எதற்கு என்று அங்கத்தினர் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், தொழிலில் சில தசைகளே ஓயாது உழைக்கின்றன. மற்றவை பழக்கமின்றித் தளர்ந்து போகின்றன. வயது நாற்பதைத் தாண்டி இடுப்பு வலி வந்தவுடன், 'இனி நம்மால் ஆகாது' என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. வலியினும் அவ்வெண்ணமே பெரிய நஷ்டமாகும்.

'நம்மால் ஆகும்' என்ற நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது? உளநூல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். தாமே செய்து வெற்றி காணுதல், தம்மையொத்தவர் செய்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கச் சொல், உடலும் உள்ளமும் அப்போதிருக்கும் நிலை ஆகிய நான்கினாலும் அது உண்டாகிறது என்றார். இவற்றுள் முதலாவதே மிக வலியது. ஆகவே நம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்குவோம் என்று காத்திருத்தல் தகாது. சிறிதாகத் தொடங்கினால் நம்பிக்கை பின்னே வரும்.

பயிற்சியின் முதற் சில வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதனால் அன்று. நரம்புகள் தசைநார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதே காரணம். புதிதாகத் தறியேறியவருக்குக் கை பழகுவது போன்றதே இது. தசை பருத்தல் பின்னரே புலப்படும். கண்ணாடியில் மாறுதல் காணாது பலர் இக்கட்டத்திலேயே கைவிட்டு விடுகின்றனர். கண்ணாடி காட்டாததைக் கணக்குப் புத்தகம் காட்டும். சென்ற வாரம் 8 தண்டால், இவ்வாரம் 10 என்று எழுதி வைத்தால், சங்கத்துச் சேமிப்பைப் போலவே சிறு தொகை பெருகுவதை நாமே காணலாம்.

மணிப்பூரின் நோங்போக் கக்சிங் கிராமத்தில் பிறந்த மீராபாய் சானுவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில், பளுவைத் தோளுக்கேற்றிப் பின் தலைக்குமேல் உயர்த்தும் பிரிவில் அவருடைய மூன்று முயற்சிகளும் தவறின. மறு ஆண்டே உலகப் போட்டியில் மொத்தம் 194 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் முதுகு உபாதையால் ஆசிய விளையாட்டை இழந்தார். 2021-இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். 2024-இல் பாரிஸில் 199 கிலோ தூக்கி, ஒரே கிலோ குறைவினால் வெண்கலத்தைத் தவறவிட்டார். நம்பிக்கை ஒவ்வொரு முறையும் பதக்கம் தருவதில்லை. ஆனால் தோல்விக்குப் பின் மீண்டும் பளுவின் முன் நிற்கும் துணிவை அது தருகிறது.

நமக்கோ பதக்கம் குறியன்று. வலிமையோடு வாழ்வதே குறி. வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் பரிந்துரைத்தது. சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம். கட்டிலில் அமர்ந்து எழுந்து பஸ்கி பழகலாம். எளிதானபின் ஒன்றிரண்டு கூட்டுக. இடையே ஒரு நாள் ஓய்வு கொடுக்க. தசை தேறுவது ஓய்விலேதான். பருப்பு, நிலக்கடலை, முட்டை, பால் ஆகியவற்றில் இயன்றதை உணவில் சேர்க்க. மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கலாகாது. நாட்பட்ட வலியோ, இரத்த அழுத்தமோ, இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குக.

'நம்மால் ஆகாது' என்ற சொல்லை வாதத்தால் வெல்ல இயலாது. வரவுக் கணக்கால் வெல்லலாம். இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு முதல் வரவை எழுதுவோமாக.